சபீக்கா சொல்லமாட்டேன் என்ற சொல்

"ஒரு பிள்ளைகிட்ட 'சாப்பிடு'ன்னு நான் சொல்லி என்னிக்காவது உங்க காதுல விழுந்துச்சுன்னா, சுவத்துல மாட்டியிருக்கற என் டாக்டர் பட்டத்தக் கழட்டிட்டு, அந்த இடத்துல ஹிஸ்ஸா அக்காவோட பானை மூடிய மாட்டிடுங்க."

சபீக்கா இப்படிச் சூளுரைத்தது ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து குடும்பம் மொத்தமும் மூத்த அக்கா ஹிஸ்ஸாவின் வீட்டு விரிப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த நேரத்தில். அவள் வெளிநாட்டில் குழந்தைகளின் உணவும் உடற்பருமனும் பற்றி ஆராய்ந்து, டாக்டர் பட்டத்தோடு குவைத் திரும்பிச் சில நாட்களே ஆகியிருந்தன. ஹிஸ்ஸா மூத்தவள், நான் நடு, சபீக்கா கடைக்குட்டி. கடைக்குட்டிகள் சபதம் செய்தால் வீட்டில் யாரும் சோற்றிலிருந்து தலை தூக்குவதில்லை. நாங்களும் தூக்கவில்லை.

ஆனால் அந்தச் சபதத்தில் ஒரு கட்டுமானச் சிக்கல் இருந்ததை அப்போதே நான் கவனித்தேன். இறைச்சிச் சோறான மச்பூஸ் சமைக்கும் ஹிஸ்ஸாவின் பானை ஓர் ஆடு காலை நீட்டிப் படுக்கும் அளவு கொண்டது. அதன் மூடியை மாட்ட ஆணி போதாது, கொத்தனாரைக் கூப்பிட வேண்டும்.

சபதத்துக்குக் காரணமும் ஹிஸ்ஸாதான். எங்கள் வீட்டு விரிப்பில் அவரவர் தட்டு அவரவருடையது என்று நினைப்பவர் புதிதாகக் கல்யாணமாகி வந்தவராக இருப்பார். ஹிஸ்ஸா பெரிய தாம்பாளத்தின் நடுவிலிருந்து இறைச்சியைக் கையால் பிய்த்து, குறி பார்த்து, எதிர்க்கோடியில் இருப்பவரின் தட்டுக்கு எறிவாள். குறி தப்பியதில்லை. எறிந்த கையோடு, "அல்லாஹ் மேல சத்தியமா, இத நீ சாப்பிடற" என்று ஒரு ஆணையும் போடுவாள். ஆணை போட்ட பிறகு சாப்பிடாமல் இருந்தால் பாவம் அவளுக்கு. அதற்காகவே எங்கள் குடும்பத்தில் பலர் அவளைப் பாவத்திலிருந்து காப்பாற்றிக் காப்பாற்றி இன்று முழங்கால் வலி வைத்தியம் பார்க்கிறார்கள்.

"பிள்ளைக்குத் தன் பசி தெரியும் அக்கா," என்றாள் சபீக்கா அன்று. "போதும்னு சொல்லவும் தெரியும். நாமதான் திணிச்சுத் திணிச்சு அந்தக் காத அடைச்சிடறோம்."

"எந்தக் காது? வாயிலதானடி போடறேன்," என்றாள் ஹிஸ்ஸா.

சபீக்காவின் கட்டுரைகளை எதிர்த்து எழுந்த மறுப்புகளில் இதுவே வலுவானது என்பது என் எண்ணம்.

சபீக்காவை விவரிக்க வேண்டுமானால் அவளுடைய வலது காலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் கால் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. உடம்பு உட்காரும், கால் மட்டும் துடித்துக்கொண்டே இருக்கும். விரிப்பில் அவள் உட்கார்ந்தால் எங்கள் தயிர்க் கிண்ணங்கள் மெல்ல நகர்ந்து வேறு வீட்டுக்காரர்களிடம் போய்ச் சேரும். கூட்டுறவு அங்காடிக்குப் போனால் தன் வண்டியை விட்டுவிட்டு அடுத்தவர் வண்டியை ஆராய்வாள். "இந்தப் பழச்சாறுல பழம் எங்கம்மா இருக்கு? படத்துலதான இருக்கு?" அவள் தலை தெரிந்ததும் எங்கள் பகுதித் தாய்மார் வண்டியைத் திருப்பிக்கொண்டு சோப்புத்தூள் அடுக்குப் பக்கம் ஒதுங்குவார்கள். ஒதுங்கியதற்கு அடையாளமாக ஒரு டப்பா எடுத்தும் போட்டுக்கொள்வார்கள். எங்கள் பகுதியின் துணிகள் தூய்மையாக இருப்பதற்குப் பொதுச் சுகாதாரத் துறை ஆற்றிய ஒரே தொண்டு இதுதான்.

அவள் வேலை, பள்ளிகளில் குழந்தைகளை எடை பார்ப்பதும், பிறகு வீடு வீடாகப் போய்த் தாய்மாரிடம் கேள்வி கேட்பதும். முதல் வேலை எளிது. இரண்டாவதில்தான் விஞ்ஞானம் தடுமாறியது. எங்கள் ஊரில் வீட்டுக்கு வந்தவள் எதையாவது சாப்பிடாமல் வாய் திறந்தால் அது அவமானம். ஆகவே "உங்கள் பிள்ளை இனிப்பு எவ்வளவு சாப்பிடுகிறான்" என்று கேட்பதற்கு முன்னால் சபீக்கா பாகில் ஊறிய லுகைமாத் உருண்டைகளை விழுங்க வேண்டியிருந்தது. எண்ணெய்ப் பலகாரம் பற்றிய கேள்விக்கு சமோசா. ஆராய்ச்சி சூடு பிடிக்கப் பிடிக்க ஆராய்ச்சியாளர் பருத்தார். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள்: எந்த வீட்டுக்குப் போனாலும் "இன்னிக்கு நோன்பு" என்றாள். பக்தர்கள் விரும்பி நோன்பிருக்கும் திங்கள், வியாழன் மட்டுமல்ல, எல்லாக் கிழமையும் நோன்பு. டாக்டரம்மாவின் பக்தியைப் பார்த்துத் தாய்மார் கண் கலங்கினார்கள். போகும்போது நோன்பு திறக்க என்று இரண்டு டப்பா கட்டிக் கொடுத்தார்கள்.

ஆனால் அவளை உண்மையில் மடக்கியது உணவல்ல, ஒரு சொல்.

எங்கள் பேச்சில் ஒல்லியான பிள்ளைக்குத் 'தயீஃப்' என்று பெயர். பலவீனமான பிள்ளைக்கும் அதே பெயர்தான். குண்டான பிள்ளை 'மத்தீன்'. அதைப் புத்தகத்தில் தேடினால் உறுதியானவன், திடமானவன் என்று போட்டிருக்கும். ஆக, ஒரு தாயிடம் போய் உங்கள் பிள்ளையைக் கொஞ்சம் இளைக்க வைக்கலாமா என்று கேட்டால் என்ன பதில் கிடைக்கும் என்பதை ஒரு வீட்டில் நானே கூட இருந்து கேட்டேன்.

"பையனுக்கு மூச்சு வாங்குதே, கவனிச்சீங்களா?" என்றாள் சபீக்கா.

"வாங்கட்டுமே. நல்ல காத்துதான."

"எடை கொஞ்சம் குறைஞ்சா நல்லதும்மா."

"குறைச்சு? தயீஃப் ஆக்கவா? கல்லு மாதிரி புள்ளயக் குடுத்திருக்கான் அல்லாஹ். அத நோஞ்சானாக்கத்தான் அரசாங்கம் உங்களுக்குச் சம்பளம் தருதா?"

பையன் எழுந்து நின்று தன் திடத்தைக் காட்டினான். சோபா நிம்மதியாக ஒலித்தது.

திரும்பும் வழியெல்லாம் சபீக்காவின் கால் காரின் தரையைத் தட்டிக்கொண்டே வந்தது. "சொல்லுதான் பிரச்சினை," என்றாள். "நாங்க எழுதறது புத்தக பாஷை. ஒல்லிக்கு 'ரஷீக்'னு எழுதறோம். ரஷீக்னா துணிக்கடைப் பேருன்னு நெனக்கறாங்க. வீட்டுல பேசற சொல்ல எடுத்து, அதோட கெட்ட பேரப் போக்கணும். 'தயீஃப்' நல்ல வார்த்தைன்னு ஆக்கிக் காட்டறேன்."

ஒரு நாட்டின் பேச்சு வழக்கைத் தனியொருத்தியாக மாற்றும் பொறுப்பை அவள் ஏற்றுக்கொண்டது நான்காவது வட்டச் சாலையில், சிக்னலுக்காக நின்றபோது.

அடுத்த மாதம் எங்கள் பகுதிப் பெண்கள் பள்ளியின் நடைக்கூடத்தில் ஒரு பெரிய சுவரொட்டி ஏறியது. சூரியன், கேரட், சிரிக்கும் சிறுமி. கீழே: "தயீஃப் ஆவோம், நலமாவோம்." அதை ஒட்ட இடம் தேடிய பணியாள், நன்றாகப் படிக்கும் மாணவிகளின் பெயர்ப் பலகைக்குப் பக்கத்தில் வெளிச்சமான இடமாகப் பார்த்து ஒட்டினார்.

எங்கள் பள்ளிகளில் மதிப்பெண் அட்டையின் கடைசித் தரத்துக்குப் பெயர் 'தயீஃப்' என்பதை, அந்தத் தரம் வாழ்க்கையில் ஒரு முறையும் வாங்காத சபீக்கா மறந்துபோயிருந்தாள்.

தலைமையாசிரியை போன் செய்தாள். "டாக்டரம்மா, ஒரு புள்ளகூட தயீஃப் ஆகக் கூடாதுன்னு வருஷம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தறோம். நீங்க எல்லாரையும் கூட்டமா ஆகச் சொல்றீங்க." ஒரு தகப்பனார் நேரிலேயே வந்திருந்தாராம். "என் பொண்ணு கணக்குல ஏற்கெனவே தயீஃப். இன்னும் எவ்வளவு ஆகணும்?" என்று கேட்டாராம். சுவரொட்டி வந்த வேகத்தில் இறங்கியது. நாங்கள் பல வெள்ளிக்கிழமை அதைச் சொல்லிச் சிரித்தோம். சபீக்காவும் சிரித்தாள், கால் மட்டும் சிரிக்கவில்லை.

அந்தப் பள்ளியில் படித்த பிள்ளைகளில் ஒருத்தி சபீக்காவின் ஒரே மகள் தைபா. பத்து வயது. அவளுடைய கன்னங்கள் ஹிஸ்ஸாவின் சொத்து என்று குடும்பத்தில் கருதப்பட்டன. ஹிஸ்ஸா வந்ததும் முதலில் அவற்றைத்தான் கிள்ளி விசாரிப்பாள். ஆனால் தட்டு விஷயத்தில் கண்டிப்பான சட்டம் இருந்தது. தைபாவின் தட்டுக்கு யாரும் எதையும் எறியக் கூடாது, சத்தியம் போடக் கூடாது, 'இன்னும் கொஞ்சம்' கூடாது. குறி பார்த்து ஓங்கிய ஹிஸ்ஸாவின் கை தைபாவுக்கு நேரே வரும்போது காற்றில் நின்று, பெருமூச்சோடு என் தட்டுக்குத் திரும்பும். என் முழங்கால் வலியின் வரலாறு அதில் அடங்கும்.

வகுப்பில் அவளிடம் யார் என்ன சொன்னார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. "உங்கம்மா சுவத்துல எழுதிப் போட்டது உனக்காகத்தானாம். நீதான் மத்தீன்" என்று ஒருத்தி சொல்லி, நாலு பேர் சிரித்திருக்கிறார்கள். சுவரொட்டி இறங்கிவிட்டது, அந்த வாக்கியம் இறங்கவில்லை.

குளிர்காலத்தில் கன்னங்கள் குறையத் தொடங்கின.

"டீ சபீக்கா, இவ மூஞ்சில பாதி எங்கடி?" என்றாள் ஹிஸ்ஸா.

"வளர்ற வயசு அக்கா. உயரமாகறா."

"உயரம் மேலதான போகும்? உள்ள எதுக்குப் போகுது?"

"அவ உடம்புக்குத் தெரியும். விடு."

விரிப்பில் தைபா சோற்றைக் கொண்டு ஊர் கட்டினாள். தட்டின் ஓரத்தில் சுவர், நடுவில் தெரு, இறைச்சி சோற்றுக்கடியில் அடக்கம். கட்டி முடித்ததும் "அல்ஹம்துலில்லாஹ், போதும்" என்று அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி எழுந்துவிடுவாள். அம்மாவின் கட்டுரையில் வரும் குழந்தை இதைத்தான் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டாள். எதிர்த்து என்ன பேச முடியும்? ஆனால் வீட்டில் மகள் சாப்பிட உட்கார்ந்தால் சபீக்காவுக்குத் தாகம் எடுத்தது. சமையலறைக்குப் போய் ஒரு தம்ளர் தண்ணீர், திரும்பி வந்து, மறுபடி போய் ஒரு தம்ளர். தட்டைப் பார்க்கவில்லை, தண்ணீர் குடிக்கிறேன் என்பது அவளுடைய நிலை. குளிர்சாதனப் பெட்டியைத் திறப்பாள், மூடுவாள். எண்ணெய்க் கிணற்றில் மாதக்கணக்கில் வேலை பார்த்துவிட்டு வந்த கணவன், வீட்டில் தண்ணீர்ப் பஞ்சமா என்று கேட்டான்.

ஒரே ஆறுதல், பள்ளிக்குப் போகும் சாப்பாட்டு டப்பா தினமும் வழித்துத் துடைத்தாற்போல் காலியாகத் திரும்பியது. சபீக்கா அதைத் திறந்து பார்ப்பாள், மூடுவாள், மறுபடி திறந்து பார்ப்பாள்.

அவள் கார் பட்டறையில் இருந்த ஒரு காலை, நான் அவளை அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது போன் வந்தது. காரின் ஒலிபெருக்கியில் நானும் கேட்டேன். பள்ளியின் நர்ஸ் இன்ஷிராஹ். எகிப்தின் தந்தா நகரத்துக்காரி. எங்கள் பிள்ளைகளுக்குத் தலைமுறையாகக் காய்ச்சல் பார்ப்பவள்.

"டாக்டரம்மா, தைபா தயீஃபா இருக்கா."

சபீக்காவின் முகத்தில் பல வாரங்களாக இல்லாத ஒரு தெளிவு வந்தது. "அல்ஹம்துலில்லாஹ்," என்றாள்.

"இல்லம்மா. ரொம்பவே தயீஃபா இருக்கா."

"பாத்தீங்களா சிஸ்டர்? நீங்க ஒருத்தராவது கவனிச்சீங்களே. நான் ஒரு வார்த்தை சொல்லல. திட்டல, தடுக்கல. தானா வந்தது."

"டாக்டரம்மா, நான் இன்ஷிராஹ். ஸ்கூல்லேருந்து."

"தெரியுதும்மா. எங்கக்காதான் கன்னம் போச்சுன்னு உயிர எடுக்கறா. நீங்க சொன்னத நான் அவளுக்கும் சொல்லணும்."

"என்னத்தச் சொல்வீங்க? காலைல கொடியேத்திப் பாடறப்ப நின்ன புள்ள தரையில விழுந்துச்சே, அதையா?"

எகிப்தியர்களுக்கு ஒல்லி என்பதற்கு வேறு சொல் இருக்கிறது. அவர்கள் 'தயீஃப்' என்றால் நிற்கத் தெம்பில்லை என்று மட்டுமே பொருள். இது எங்கள் இருவருக்கும் தெரியும். வாழ்நாள் முழுக்க எகிப்திய வாத்தியார்களிடம் படித்தவர்கள் நாங்கள். தெரிந்தும், ஒரு நிமிஷம், என் தங்கை அந்தச் சொல்லில் தனக்கு வேண்டியதைக் கேட்டுவிட்டாள்.

நான் வண்டியைத் திருப்பினேன். பள்ளி வாசலில் நிறுத்துவதற்குள் அவள் கதவைத் திறந்துவிட்டாள்.

நர்ஸ் அறைக் கட்டிலில் தைபா படுத்திருந்தாள். கையில் படத்தில் மட்டும் பழம் உள்ள சாறு. சபீக்கா அந்த டப்பாவில் எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. அவள் எதையும் படிக்காமல் இருந்து நான் பார்த்தது அப்போதுதான்.

"யும்மா," என்றாள் தைபா. சத்தமே வரவில்லை. "சிஸ்டர் சொன்னாங்க. நான் தயீஃப் ஆயிட்டேனாம்."

சொன்ன விதத்தில் பரிசு வாங்கிய பிள்ளையின் வெட்கம் இருந்தது.

சபீக்கா கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இன்ஷிராஹ் அவளை ஓரமாகக் கூப்பிட்டாள். மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினாள்.

"டப்பா காலியா வருதுன்னு இருந்திருப்பீங்க. நம்ம ஸ்கூல் பூனைங்களப் பாத்தீங்களா டாக்டரம்மா? ஒவ்வொண்ணும் எவ்வளவு மத்தீனா இருக்கு?"

பிறகு சோதனைகள், மருத்துவர்கள். குழந்தைகள் சாப்பாட்டை மறுக்கும் நோய்க்கென்றே இருக்கும் ஒரு மருத்துவரிடம் போனார்கள். மாநாடுகளில் சபீக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டியவர்தான். இன்னும் எடை இறங்கினால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாயில்தான் ஊட்ட வேண்டும் என்று அவர் தைபாவை வெளியே அனுப்பிவிட்டுச் சொன்னார்.

"நீங்க எழுதினது தப்பில்ல," என்றார். "பசி கேக்கற புள்ளைக்கு அது சரி. இவளுக்கு இப்ப அது கேக்கல. கொஞ்ச நாளைக்கு இவளோட பசி நீங்கதான். நீங்க தட்டில போடுங்க. பக்கத்துல உக்காருங்க. சாப்பிடுன்னு சொல்லுங்க. முடிக்கற வரைக்கும் எழுந்திருக்காதீங்க."

"வேற எப்படியாவது சொல்லலாமா?"

"என்னத்த?"

"அந்த வார்த்தைய."

மருத்துவர் அவளை உற்றுப் பார்த்தார். "சொல்லலாம். ஆனா அவளுக்குப் புரியணுமே."

அந்த வாரம் என் தங்கை எங்கள் மொழியின் எல்லா மூலைகளையும் தேடினாள். "சோறு ஆறுது போல" என்றாள். "மேசையில என்னமோ இருக்கே" என்றாள். ஒரு நாள் வறுத்த மீனை வைத்துவிட்டு, "இது உன்னையே பாத்துட்டிருக்கு" என்றாள்.

"பாக்கட்டும்," என்றாள் தைபா.

அமைச்சகக் கூட்டத்தில் மேசையைத் தட்டிப் பேசுகிறவளுக்கு ஒரு சொல் தொண்டை தாண்டவில்லை. அது வீம்பு என்று நாங்கள் நினைத்தோம். இல்லை. "அந்த வார்த்தையாலதான் எத்தனையோ பிள்ளைங்க கெட்டத நான் அளந்திருக்கேன்," என்றாள் என்னிடம், என் வீட்டுக் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே. "இத்தன வருஷம் நான் சொன்னது பொய்யா?" உட்கார் என்றேன். உட்கார்ந்தாள், எழுந்தாள். நடக்கிற ஆளிடம் பதில் எப்படிச் சொல்வது?

வெள்ளிக்கிழமை வந்தது. ஹிஸ்ஸா பானையில் முழு ஆட்டையே இறக்கியிருந்தாள். தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்தோம். யாரும் தைபாவைப் பார்க்காமலிருக்க எல்லோரும் பாடுபட்டதில் அவளைத் தவிர வேறெதையும் யாரும் பார்க்கவில்லை. அவள் சட்டையின் கை இரண்டு மடிப்பு மடித்தும் தொங்கியது. ஒரு கரண்டி சோற்றைப் போட்டுக்கொண்டு சுவர் கட்ட ஆரம்பித்தாள்.

ஹிஸ்ஸாவின் கை தாம்பாளத்தின் நடுவுக்குப் போயிற்று. ஒரு துண்டைப் பிய்த்தது. தைபாவை நோக்கி உயர்ந்தது. காற்றில் நின்றது. இந்தத் தடவை அது என் பக்கம் திரும்பவும் இல்லை. இறைச்சி மறுபடி தாம்பாளத்திலேயே வந்து விழுந்தது. ஹிஸ்ஸா தலையைக் குனிந்துகொண்டாள்.

என் முன்னால் இருந்த தயிர்க் கிண்ணம் நகராமல் நிற்பதை அப்போதுதான் கவனித்தேன். சபீக்காவின் கால் அசையாமல் இருந்தது.

அவள் எழுந்து விரிப்பைச் சுற்றி வந்து மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஹிஸ்ஸா கைவிட்ட துண்டையே எடுத்தாள். எலும்பை நீக்கினாள், கொழுப்பை நீக்கப் போய், நீக்காமல் விட்டாள். சோற்றில் கிடந்த காய்ந்த எலுமிச்சையைத் தள்ளிவைத்தாள். தைபா கட்டியிருந்த சுவரை விரலால் கலைத்து, சோறும் இறைச்சியும் சேர்த்து ஒரு பிடியாகப் பிடித்து அவள் முன்னால் வைத்தாள்.

"சாப்பிடும்மா," என்றாள்.

நாங்கள் சோற்றைப் பார்த்தோம்.

தைபா அம்மாவைப் பார்த்தாள். "எவ்வளவு?"

"நான் போதும்னு சொல்ற வரைக்கும்."

"வயிறு வேணாங்குதும்மா."

"இருக்கட்டும். அதுகிட்ட நான் பேசிக்கறேன். நீ சாப்பிடு."

ஹிஸ்ஸா பக்கத்திலிருந்த பானையின் மூடியைத் தூக்கினாள். குடும்பம் மொத்தமும் மூச்சை நிறுத்தி அந்த மூடியைப் பார்த்தது. சிலர் சுவரையும் பார்த்தார்கள். ஹிஸ்ஸா அதைப் பானை மேல் கவிழ்த்து, மேலே ஒரு துணியையும் போட்டு மூடினாள். பிள்ளை மெதுவாகச் சாப்பிடும், அதுவரை சூடு இருக்க வேண்டும்.

முதல் வாய் உள்ளே போக நெடுநேரம் ஆயிற்று. மற்றவர்கள் எழுந்து கை கழுவப் போனார்கள். தேநீர் வந்தது, ஆறியது. விரிப்பில் அவர்கள் இருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னும் கொஞ்சம்," என்று சபீக்கா சொல்வது கூடத்திலிருந்து எங்களுக்குக் கேட்டது.